தைராய்டு மாத்திரையும் எடைக் குறைப்பும்

பண்டமாரான் அரசாங்க கிளினிக்கிலோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ தைராய்டு மாத்திரை வாங்கி வருபவர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி எழும். மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், பிறகும் எடை ஏன் இறங்கவில்லை? அவ்வளவாக யாரும் கேட்காத இன்னொரு கேள்வியும் உண்டு. சாப்பாட்டைக் குறைத்து, தினமும் நடந்து, எடை இறங்கத் தொடங்கினால் அந்த மாத்திரையின் வேலை மாறுமா? அன்றாட வாழ்க்கைக்கு அதிகம் பயன்படுவது இந்த இரண்டாவது கேள்விதான். ஆனால் முதலாவதைத் தெளிவுபடுத்தாமல் அதற்குள் போக முடியாது.

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு அது தைராக்சின் என்ற ஹார்மோனை உண்டாக்குகிறது. பரிசோதனைத் தாளில் டி4 என்று வருவது இதுதான். உடலின் திசுக்கள் டி4-ஐ டி3 என்ற வடிவத்துக்கு மாற்றிப் பயன்படுத்துகின்றன. இதயத் துடிப்பு, குடலின் அசைவு, உடல் சூடு, ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தி ஆகிய எல்லாவற்றிலும் டி3-க்குப் பங்கு உண்டு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இதைக் கண்காணிக்கிறது. ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். என்ற தூண்டும் ஹார்மோனை அதிகமாக அனுப்புகிறது. போதுமான அளவு வந்ததும் குறைத்துக்கொள்கிறது. ஆகவே டி.எஸ்.எச். ஏறியிருந்தால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று அர்த்தம். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சற்று மாறினாலும், 0.4 முதல் 4 வரை பொதுவாக இயல்பான அளவு.

சுரப்பு குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. அடிக்கடி காணப்படுவது, உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கிச் சிறுகச் சிறுக அழிப்பது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-இல் இதை விவரித்தார்; நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. சிகிச்சை எளிமையானது. சுரப்பி தராத தைராக்சினை, லெவோதைராக்சின் என்ற மாத்திரையாக நாம் கொடுக்கிறோம். உடல் தானே உண்டாக்கும் டி4-க்கும் இதற்கும் வேதியியல் அமைப்பில் வேறுபாடு இல்லை.

இனி எடைக்கு வருவோம். தைராய்டு குறைந்தால் எடை கூடும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு கூடும் என்பதில்தான் எதிர்பார்ப்பு தவறிப்போகிறது. பெரும்பாலோருக்கு அது 2 முதல் 5 கிலோ வரைதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பு அல்ல. உடலில் தேங்கும் உப்பும் தண்ணீரும். டென்மார்க்கில் 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தைராய்டு மிகவும் குறைந்திருந்த 12 பேருக்கு மாத்திரை கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். சராசரியாக 4 கிலோவுக்குச் சற்று மேல் இறங்கியது. ஆனால் உடல் கொழுப்பின் அளவு மாறவே இல்லை. இறங்கியது தேங்கியிருந்த தண்ணீர். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு தைராய்டு நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியிருக்க, ஒரு தைராய்டு நோயாளிக்கு 15 கிலோ கூடுதலாக இருந்தால், அது முழுவதையும் தைராய்டின் கணக்கில் எழுத முடியாது. டி.எஸ்.எச். இயல்புக்கு வந்த பிறகும் மிஞ்சியிருக்கும் எடைக்குக் காரணம், மற்ற எல்லோருக்கும் உள்ள அதே காரணம்தான். அதைக் குறைக்கும் வழியும் அதேதான். இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: மாத்திரை சரியாக வேலை செய்யும்போது, தைராய்டு நோய் எடைக் குறைப்புக்குத் தடையாக நிற்பதில்லை.

அந்த மாத்திரை சரியாக வேலை செய்ய வேண்டுமானால் அது முதலில் குடலில் உறிஞ்சப்பட வேண்டும். எடைக் குறைப்பு முயற்சி குறுக்கிடுவது இங்கேதான். லெவோதைராக்சின் உறிஞ்சப்படுவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், வேறு பொருள் இருக்கக் கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால் சுமார் 60 முதல் 80 விழுக்காடு உள்ளே போகிறது. உணவோடு சேர்ந்தால் குறைகிறது. அதனால்தான் காலையில் பசியாறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்கிறார்கள்.

எடையைக் குறைக்க முடிவெடுத்த ஒருவரின் காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் நின்றுபோகின்றன. அவற்றின் இடத்தில் சீனி இல்லாத கறுப்புக் கோப்பி வருகிறது. பசியைத் தாங்க நார்ச்சத்துத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார். பாலுக்குப் பதில் சோயா பால். பால் குறைந்துவிட்டதே என்று ஒரு கால்சியம் மாத்திரை, சோர்வுக்கு ஓர் இரும்புச்சத்து மாத்திரை. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பல நல்ல மாற்றங்களே. ஆனால் கோப்பி, நார்ச்சத்து, சோயா, கால்சியம், இரும்பு ஐந்துமே லெவோதைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியவை. அவர் அதே மாத்திரையை அதே அளவில் போட்டுக்கொண்டிருப்பார். உடலுக்குள் போவது மட்டும் குறைந்திருக்கும். சில வாரங்களில் களைப்பு, மலச்சிக்கல், எடை இறங்காமல் நிற்பது எல்லாம் வரும். உணவுக் கட்டுப்பாடு பலிக்கவில்லை என்று அவர் நினைப்பார். உண்மையில் மாத்திரை போய்ச் சேரவில்லை.

இதற்காக இவற்றைக் கைவிட வேண்டியதில்லை. இடைவெளி விட்டால் போதும். கோப்பிக்கு ஒரு மணி நேரம். கால்சியம், இரும்பு, வயிற்றெரிச்சலுக்கான அமில எதிர்ப்பு மருந்துகள் ஆகியவற்றுக்கு நான்கு மணி நேரம். நார்ச்சத்தும் சோயாவும் தினமும் ஒரே அளவில், மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி இருந்தால், மருந்தளவை அதற்கேற்ப அமைத்துவிடலாம். ஒரு வாரம் நிறைய, மறுவாரம் இல்லை என்பதுதான் குழப்பத்தை உண்டாக்குகிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். சமைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கிள்ளான் துறைமுகத்திலும் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்குக் காலை என்பது வாரத்துக்கு வாரம் மாறும். இப்படிப்பட்டவர்கள் இன்னொரு வழியை மருத்துவரிடம் கேட்கலாம். கடைசி உணவு முடிந்து குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து, தூங்கப்போகும் முன் மாத்திரையைப் போடுவது. நெதர்லாந்தில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த முறை காலை முறையைவிடச் சற்று நல்ல பலனையே தந்தது. இரவு உணவைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும் எடைக் குறைப்பு முறைகளுக்கும் இது பொருந்தும். ஒரு வேளை தவறினால் பதற வேண்டாம். இந்த ஹார்மோனின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். தைப்பூச விரதமிருக்கும் பலர் ஒரு மண்டலம் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதுண்டு. நிறுத்தக் கூடாது. தண்ணீரோடு விழுங்கும் ஒரு சிறு மாத்திரைக்கு விரத நாளிலும் நேரம் கண்டுபிடிக்க முடியும்.

எடை உண்மையாகவே இறங்கும்போது வேறொன்று நடக்கிறது. சுரப்பி முற்றிலும் செயலிழந்த ஒருவருக்கு மருந்தளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் மிகக் குறைவாகத் தொடங்குவார்கள். இந்த மருந்தின் தேவை கொழுப்பைவிடத் தசையின் அளவோடுதான் நெருக்கமாக ஒத்துப்போகிறது. ஆகவே எடை இறங்கிய எல்லோருக்கும் மருந்தளவு குறையும் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும். யாருக்கு எது என்பதை டி.எஸ்.எச். பரிசோதனைதான் சொல்லும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாற்றம் வந்தால் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. மருந்தளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுபடி பரிசோதிப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் டி.எஸ்.எச். நிலைப்பட்டிருக்காது.

பரிசோதனைக்கு முன் ஒரு சிறு எச்சரிக்கை. எடை இறங்கும் காலத்தில் முடி கொட்டுவது சகஜம். அதற்காகப் பலர் பயோட்டின் என்ற விட்டமின் மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். பயோட்டின் தைராய்டைத் தொடுவதில்லை; ஆனால் சில ஆய்வுக்கூட முறைகளைக் குழப்பிவிடும். மருந்தளவு கூடிவிட்டதுபோல் தவறான முடிவு வரலாம். குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, போட்டுவந்ததையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிரபலமாகிவரும் எடைக் குறைப்பு மருந்துகளும் இந்தக் கணக்கில் வருகின்றன. செமாக்ளூடைட் போன்றவை வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. செமாக்ளூடைட்டை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு லெவோதைராக்சின் இரத்தத்தில் சேரும் அளவு 33 விழுக்காடு கூடியது பதிவாகியிருக்கிறது. கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஓர்லிஸ்டாட் இதற்கு எதிர்த்திசையில், தைராய்டு மருந்தையும் தடுத்துவிடலாம். அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். செமாக்ளூடைட் வகை மருந்துகளில் தைராய்டு எச்சரிக்கை ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அது மெடுல்லரி என்ற அரிய வகைத் தைராய்டுப் புற்றுநோய், தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கானது. சாதாரணத் தைராய்டு குறைபாட்டுக்கானது அல்ல.

உணவைக் கடுமையாகக் குறைக்கும்போது உடல் டி4-ஐ டி3 ஆக மாற்றுவதைத் தானே மட்டுப்படுத்தி, சக்தியைச் சேமிக்கிறது. தைராய்டு நோய் இல்லாதவர்களுக்கும் இது நடக்கும். சில மாதங்களில் எடை இறங்குவது மெதுவாவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில்தான், மாத்திரையை ஒன்றரையாகப் போட்டால் என்ன என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது.

இது புதிய எண்ணம் அல்ல. இங்கிலாந்தின் நியூகாசலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் 1891-இல் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகக் கொடுத்து, தைராய்டு குறைந்த ஒரு பெண்மணியைத் தேற்றினார். அந்தப் பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே அதே சாறு, தைராய்டு சரியாக இருந்த பருமனானவர்களுக்கும் இளைக்கும் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. தேவைக்கு மேல் போகும் தைராய்டு ஹார்மோன் எடையைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. எலும்பின் வலுவைக் குறைக்கிறது. இதயத்தின் தாளத்தைக் கெடுத்து, பக்கவாதத்துக்கு வழிசெய்யும் சீரற்ற துடிப்பை உண்டாக்கலாம். அமெரிக்காவில் விற்கப்படும் லெவோதைராக்சின் மருந்துக் குறிப்பில், எடைக் குறைப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை கட்டம் கட்டி அச்சிடப்படுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் இளைக்கும் கோப்பி, மூலிகைக் கேப்சூல் ஆகியவற்றிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கலாம். இதயப் பாதிப்பு காரணமாக 2010-இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, இத்தகைய பொருள்களில் கலந்திருப்பது மீண்டும் மீண்டும் கண்டறியப்படுகிறது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துப் பொருளின் மேல் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையப் பட்டியலில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான். எடையைக் குறைக்கும் கருவியாக லெவோதைராக்சினைப் பார்க்கக் கூடாது. உணவும் நடையும் தூக்கமும், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் எடை மருந்தும், அந்த வேலையைச் செய்யட்டும். தைராய்டு மாத்திரை ஒரே நேரத்தில், ஒரே முறையில், மருத்துவர் சொன்ன அளவில் இருக்கட்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் மருந்தளவு பற்றி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அவர்களுக்குத் தேவை பெரும்பாலும் கூடும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் போடும் எல்லா மாத்திரைகளையும் தூள்களையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குக் கோப்பி, எத்தனை மணிக்குப் பசியாறுகிறீர்கள் என்பதையும், கடந்த மூன்று மாதத்தில் எடை எவ்வளவு மாறியது என்பதையும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.