பட்டணத்துச் சமரசம்

சென்னைப் பட்டணத்தைப் பற்றி எவர் மேடையேறிப் பேசினாலும் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலும் இருக்கிறது, வாலாஜா பெரிய மசூதியும் இருக்கிறது. மயிலாப்பூரில் கபாலி கோயிலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே சாந்தோம் சர்ச்சு நிற்கிறது. ஆகையால் இது மத சமரசத்தின் ஊர் என்கிறார்கள். கேட்பவர்களும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். போகிற வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவில் யார் யாருக்கு வீடு கிடைக்கும் என்பதை மாத்திரம் ஒருவரும் யோசிப்பதில்லை.

கட்டடங்கள் பலவிதமாய் இருக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. கோட்டைக்குள் வெள்ளைக்காரன் 1680-ல் சர்ச்சு கட்டினான். அர்மேனியர்கள் 1772-ல் கட்டினார்கள். நவாபு குடும்பத்தார் 1795-ல் மசூதி கட்டினார்கள். பார்சிகள் 1910-ல் இராயபுரத்தில் அக்கினிக் கோயில் கட்டினார்கள். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி சென்னை ஜில்லாவில் 100-க்குச் சுமார் 81 பேர் இந்துக்கள், 9 பேர் முஸ்லிம்கள், 8 பேர் கிறிஸ்தவர்கள், ஒருவர் ஜைனர். இத்தனை பேரை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தது எந்தக் கடவுள்? ஒரு கடவுளும் அல்ல. அர்மேனியனும் பார்சியும் மார்வாடியும் வந்தது வியாபாரத்துக்கு; சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து ஏழைகள் வந்தது வயிற்றுப்பாட்டுக்கு. வயிறும் வியாபாரமும் சேர்த்து வைத்த ஜனங்களை மதமும் ஜாதியும் என்ன செய்தன என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

சரித்திரம் பதில் சொல்லுகிறது. 1707-ல் இந்தப் பட்டணத்தில் வலங்கை ஜாதியாருக்கும் இடங்கை ஜாதியாருக்கும் பெருஞ்சண்டை மூண்டது. எதற்காக? சோற்றுக்காகவா, கூலிக்காகவா? இல்லை. யாருடைய கலியாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதற்காக! கவர்னர் தாமஸ் பிட் பஞ்சாயத்துப் பண்ணிப் பார்த்தும் தீராமல், வலங்கையார் பலர் ஊரை விட்டே கிளம்பிச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் இடங்கையாருக்கு முத்தியாலுப்பேட்டை, வலங்கையாருக்குப் பெத்துநாயக்கன்பேட்டை என்று ஊரைப் பங்கு போட்டார்கள். இரண்டு கட்சியாரும் இந்துக்களே. கும்பிட்டதும் ஒரே கூட்டத்துத் தெய்வங்களைத்தான். அப்படியிருந்தும் ஒரு தெருவில் சேர்ந்து நடக்க முடியவில்லை.

இது பழங்கதை என்று சிலர் சொல்லலாம். 1918-ல் இவ்வூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. பெரம்பூர் ஆலைகளில் வேலை செய்த ஜாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அதில் சேர்ந்தார்கள். மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். உடனே கூலிச்சண்டை ஜாதிச்சண்டையாயிற்று. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. வேலைக்குத் திரும்பியவர்கள்மேல் குற்றஞ்சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. நேற்றுவரை தன்னைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவன், வேலைநிறுத்தத்துக்கு மாத்திரம் “சகோதரா” என்று கூப்பிட்டால் எவன் நம்புவான்?

நிற்க, இந்தப் பட்டணத்துக்கு நல்ல குணமே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் அது கோபுரத்திலிருந்தும் மினாரிலிருந்தும் வந்ததல்ல. 1895 முதல் 1953 வரை ஓடிய டிராமும், 1931-ல் தாம்பரத்துக்கு ஓடத் தொடங்கிய மின்சார ரயிலும், பெரியாஸ்பத்திரி வரிசையும், ரேஷன் கடை வரிசையும் கொடுத்தது அது. ரயில் பெட்டியில் பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்பவன் என்ன ஜாதி என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆபீசுக்குப் போய்ச் சேர முடியாது. கேட்காமலிருக்கப் பழகினான், பழகப் பழகக் கொஞ்சம் மனிதனானான். அந்தப் பழக்கமும் தானாக வந்துவிடவில்லை. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று தனியிடம் இருந்தது ஒழிய 1941 வரையில் ஆயிற்று. ஓட்டல் பலகையில் இருந்த “பிராமணாள்” என்னும் எழுத்தை அழிப்பதற்காக 1957-ல் திருவல்லிக்கேணியில் மறியல் செய்து நூற்றுக்கணக்கானவர்கள் சிறை போக வேண்டியிருந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்துவிட்டன. முன்பின் தெரியாதவர்கள் முன்பின் தெரியாதவர்களைத் தோளில் சுமந்து கரையேற்றினார்கள். மெச்சத்தக்க காரியமே. ஆனால் தண்ணீர் வடிந்தபின் நாறிக்கிடந்த குப்பையை அள்ள இறங்கியவர்கள் எந்த ஜாதியார் என்று பார்த்தீர்களா? வெள்ளம் கழுவாத அழுக்கு அது.

இன்றைய அழுக்கு எங்கே இருக்கிறதென்றால், “வீடு வாடகைக்கு” என்ற பலகையில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், ரோடு இவைகளில் மதத்தையோ ஜாதியையோ காட்டி ஒருவனைத் தடுக்கக்கூடாது என்கிறது. வாடகை வீட்டைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே ஓட்டலைவிட்டு ஓடிய ஜாதி வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. “சைவம் மட்டும்” என்று எழுதினால் அது வெறும் சாப்பாட்டு விஷயமாம்! முருங்கைக்காய்ச் சாம்பார் வைக்கிற முஸ்லிமுக்கு வீடு கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் விளங்கிவிடும்.

நமக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் வாலிபர், கலியாணமாகி மூன்று மாதமானவர், சென்ற மாதம் இந்நகரத்தில் பதினோரு வீடு ஏறி இறங்கினார். பத்து வீட்டில், பெயரைச் சொன்னதும் வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்ற பதிலே கிடைத்தது. பதினோராவது வீட்டுக்காரர் நமது கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர். அவர் சொன்ன பதில்: “எனக்கு ஆட்சேபணை இல்லை தம்பி, தெருக்காரர்கள் என்ன சொல்லுவார்களோ!”

தோழர்களே! வைதீகனாவது தன் நம்பிக்கைக்காகக் கதவைச் சாத்துகிறான். நம்மவர் தமக்கு நம்பிக்கையில்லாத ஒன்றுக்காகச் சாத்துகிறார். இதில் எவன் மேல் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 1707-ல் கவர்னர் கையெழுத்துப் போட்டுத் தெருவைப் பிரித்தார். இன்று கையெழுத்தே தேவையில்லாமல் நாமே பிரித்துக்கொள்ளுகிறோம்.

ஒரு பெரிய நகரத்தின் யோக்கியதையை அங்கே எத்தனை மதத்துக் கோயில்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஒருவன் பெயரைச் சொன்ன பிறகும் சாவி அவன் கைக்குப் போகிறதா என்பதே யோக்கியதை. சட்டம் பேசட்டும், பேச வைக்கவும் வேண்டும். அதுவரையில் காத்திருக்க வேண்டிய அவசியம் வாசகர்களுக்கு இல்லை. உங்களில் வீடுள்ளவர்கள் அடுத்த தடவை பலகை மாட்டும்போது வாடகையையும் முன்பணத்தையும் மட்டும் எழுதுங்கள். வருகிறவர் அதைக் கட்டத் தயாரா என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். தெருக்காரர் வந்து கேட்டால் நம் பத்திரிகையைக் காட்டுங்கள். நாம் பதில் சொல்லிக்கொள்ளுகிறோம்.