கடைப்பலகையிற் சைவம்

நடுநாட்டில் திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்திற்கு அணித்தே ஸ்ரீமுஷ்ணம் என்னும் ஊர் உள்ளது. பூவராகப் பெருமாள் கோயில் கொண்டருளிய தலமாதலின் அவ்வூர் வைணவர்க்குச் சிறந்தது; மாத்துவர்க்கும் அங்ஙனமே. அக்கோயிலை அடுத்து நித்தீசுவரர் திருக்கோயிலும் விளங்குதலாற் சைவர்க்கும் அவ்வூர் புறம்பானதன்று. பெருமாளைத் தொழுத வைணவர் ஒருவரும், ஈசுவரனைத் தொழுத சைவர் ஒருவரும் விருத்தாசலஞ் சந்திப்பில் இரயில் ஏறிச் சென்னை எழும்பூரில் இறங்குகின்றனர் எனக் கொள்க. இருவர்க்கும் பசி. எதிரே ஓர் உண்டிச்சாலை. அதன் பலகையில் 'உயர்தர சைவ உணவகம்' என்று எழுதப்பட்டிருக்கின்றது. இருவரும் ஒருங்கே உட்புகுந்து இட்டலியும் சாம்பாரும் உண்கின்றனர். பரிமாறுவானைக் கேட்பின், 'இருவரும் சைவம்' என்பான். திருமண் இட்ட நெற்றியும் சைவம். திருநீறு இட்ட நெற்றியும் சைவம். நெற்றியில் யாதொன்றும் இன்றி, 'கடவுள் இல்லை' என்று அடுத்த மேசையில் வாதாடிக்கொண்டே தோசை உண்பாரும் சைவம்!

இதனை நகைத்து விடுப்பாருண்டு. இது நகைக்கத்தக்கதன்று. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மை கூறி, சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறியால் உயிர்களைச் சிவப்பேற்றிற்குச் செலுத்தும் ஒரு சமயத்தின் பெயர், பருப்புக்கும் பொரியலுக்கும் பெயராய் முடிந்தது. 'நீ சைவமா?' என்று ஒரு சிறுவனை வினவினால், அவன் தான் வழிபடும் கடவுளை நினைப்பதில்லை. முந்தின நாள் உண்ட குழம்பினை நினைக்கின்றான். சைவர் வீட்டுப் பிள்ளையும் அவ்வாறே நினைக்கின்றான் என்பதே கவலைக்கிடமாவது.

இப்பெயர் உணவுக்கு வந்த வழியை ஆராய்தல் வேண்டும். புலால் மறுத்தலைச் சைவர் உறுதியாய்க் கைக்கொண்டு நின்றமையின், அவர் உண்ணும் உணவு 'சைவருணவு' என வழங்கி, நாளடைவிற் 'சைவம்' எனக் குறுகிற்றென்று கொள்ளலாம். இஃது ஆகுபெயர். ஆகுபெயரால் வருங் கேடொன்றுமில்லை. முதற்பொருள் உள்ளத்தில் நிற்குமளவும் அது மொழிக்கு அழகேயாம். ஆனால் ஈண்டு ஆகுபெயர் தன் முதற்பொருளையே விழுங்கிவிட்டது. உண்பவன் மறைந்தான், உணவு மாத்திரம் எஞ்சிற்று.

'சைவத்தின் பெயரால் ஓர் உயர்ந்த உணவொழுக்கம் உலகெங்கும் அறியப்படுதல் சைவத்துக்குப் பெருமையன்றோ?' என்பர் சிலர். சைவன் ஒருவனைக் கண்டு, 'இவன் உண்ணும் உணவு தூயது' என்று உலகம் சொன்ன காலத்தில் அது பெருமையாயிருந்தது. தூய உணவொன்றைக் கண்டு, 'இதனை உண்பவன் யாவனாயினும் சைவன்' என்று உலகம் சொல்லுங் காலத்தில் அது பெருமையாகாது. சமயம் இழந்த இடத்தைக் காட்டும் அடையாளமேயாம்.

புலாலுண்ணாமை ஒன்றே சைவமாமாயின் வருங் குற்றம் யாதென்று காண்க. திருஞானசம்பந்த மூர்த்திகளோடு மதுரையில் வாதம் புரிந்த சமணர் புலாலுண்டவரல்லர். கொல்லாமையைத் தம் அறங்களுள் முதலாக வைத்தவர். உணவே சைவமாயின் அச்சமணரும் சைவரேயாவர். அனல்வாதமும் புனல்வாதமும் பொருளற்றனவாய் முடியும். மேலும், ஸ்ரீமுஷ்ணம் அமைந்த கடலூர் மாவட்டத்திலேயே உள்ளது திருவதிகை. மருணீக்கியார் சமணம் புக்குத் தருமசேனராய் இருந்த காலத்தும் புலாலற்ற உணவையே உண்டார். அவ்வுணவால் அவர் சைவராயினாரல்லர். சூலைநோயால் வருந்தித் திருவதிகை அடைந்து, தமக்கையார் திலகவதியார் கையால் திருநீறு பெற்று, வீரட்டானத்து இறைவன் திருமுன் நின்றபோதே சைவராயினார். உண்கலத்தில் மாற்றமில்லை, உள்ளத்தில் மாற்றம் நிகழ்ந்தது. சைவம் யாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இதனாற் புலால் மறுத்தலைச் சிறிதென்று கூறியதாகக் கொள்ளற்க. அகப்பூசைக்குரிய எண்மலர்களுள் முதன்மலர் கொல்லாமை. அதன்பின்னர் ஐம்பொறியடக்கல், பொறை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு என ஏழு மலர்கள் உள. முதன்மலரின்றி ஏனைய மலர்களைச் சாத்தப்புகுதல் பிழை. முதன்மலரை மட்டும் சாத்திப் பூசை முடிந்தது என்று கைகழுவுதல் அதனிற் சிறிதும் குறையாத பிழை. கடைப்பலகை ஒரு மலரைக் காட்டி எட்டு மலர்க்கும் உரிய பெயரை எடுத்துக்கொள்கின்றது. வாணிகஞ் செய்வார் அங்ஙனம் எழுதுதல் வியப்பன்று. சைவர் அதனை ஒப்பி நிற்றலே வியப்பு.

பிற சமயத்தார் இவ்வகையில் எத்துணை விழிப்புடையர் என்பதையும் நோக்குக. சென்னையில் மரக்கறி உண்டிச்சாலைகளுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர் உடுப்பி நாட்டினின்று வந்தவர். 1938 இல் கே. கிருஷ்ண ராவ் இராயப்பேட்டையில் 'உட்லண்ட்ஸ்' ஓட்டலைத் தொடங்கினார். உடுப்பியோ மத்துவாசாரியர் கண்ணனை எழுந்தருளுவித்த தலம்; அவ்வழி வந்த சமையல் கோயில் மடைப்பள்ளியை நினைந்து வளர்ந்தது. அவர்கள் தம் உணவுக்கு 'உடுப்பி' என்று தம் தலத்தின் பெயரையே இட்டனர். இன்றும் 'உடுப்பி ஓட்டல்' என்றவளவில் ஓர் ஊரும் அவ்வூர்க் கோயிலும் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டாரோ அதே உணவைச் 'சைவச் சாப்பாடு' என்கின்றனர். மாத்துவர் சமைத்ததற்குச் சைவம் என்று பெயர்; அப்பெயரில் மாத்துவர்க்கும் பற்றில்லை, சைவர்க்கும் நினைவில்லை. ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாளுக்குக் கோரைக்கிழங்கால் ஆகிய பிரசாதம் சிறப்புடையது. கிழங்கிற் புலால் ஏது? ஆயினும் அதனைச் 'சைவப் பிரசாதம்' என்று ஒருவன் கூறினால் அக்கோயிலார் ஒப்புவரோ? ஒப்பார். ஒப்பாமை நேர்மையேயாம். தம் பெயரின் எல்லையை அவர் அறிவர். சைவர் அறியாது நிற்கின்றனர்.

இனி, 'உயர்தர சைவம்' என்பதற்குப் பொருள் யாது? உயர்தர சைவம் ஒன்றுண்டேல் தாழ்தர சைவமும் உண்டு போலும்! வேறு சில பலகைகளிற் 'சுத்த சைவம்' என்று காணப்படும். சுத்த சைவம் என்பது சைவத்தின் உட்பிரிவுகளை எண்ணுமிடத்து நூலோர் ஆளும் குறியீடு. அதன் இலக்கணத்தை ஆசிரியர்பால் பல்லாண்டு கேட்டுத் தெளிதற்குரியோர் உளராக, அச்சொல் முட்டை கலவாத பண்டத்தைக் குறிக்கும் விளம்பரமாயிற்று. இன்னுஞ் சில சாலைகளிற் 'சைவம் — அசைவம்' என இரண்டும் ஒரே பலகையில் ஒரே அளவான எழுத்தில் நிற்கின்றன. உள்ளே அடுக்களை ஒன்றோ இரண்டோ என்பது உண்பார்க்குத் தெரியாது. தீக்கை பெற்றோர் விலக்கும் உள்ளியும் வெள்ளைப்பூண்டும் அங்குச் 'சைவ'த்தின் உயிர்நிலையாய் விளங்குகின்றன. சிவனுக்கு நிவேதித்தல் என்னும் நினைவு அங்கு யாரிடத்தும் எழுவதில்லை. இவையெல்லாம் வாணிகத்தின் இயல்பு என்று விடலாம். பெயரொன்றையே விடலாகாது என்பது ஈண்டுத் துணிபு.

'பலகையில் எழுதிய ஒரு சொல்லுக்காக இத்துணை வாதம் வேண்டுமோ?' எனின், தமிழ்நாட்டின் அண்மை வரலாறே விடை கூறும். இரயில் நிலைய உண்டிச்சாலைகளிற் பிராமணர்க்கெனத் தனியிடம் வகுத்திருந்த வழக்கம் கிளர்ச்சியின் பயனாக 1941 இல் ஒழிந்தது. 1957 இல் திருவல்லிக்கேணியில் ஓர் உண்டிச்சாலையின் பலகையிலிருந்த சாதிப் பெயரை நீக்குமாறு பெரியார் ஈ.வெ. இராமசாமி கிளர்ச்சி நடத்தினார். அதில் பலர் சிறை புக்கனர். கடவுட்கொள்கையில் அவரொடு சைவர்க்கு உடன்பாடில்லை. ஆயினும், பலகையிற் காணும் ஒரு சொல் மக்கள் மனத்தை ஆளும் வலியுடையது என்பதை அவர் அறிந்திருந்தார். சமயப்பற்றில்லாதார் அறிந்த அவ்வுண்மையைச் சமயப்பற்றுடையார் அறியாதிருத்தல் தகுமோ?

அச்சாதிப் பலகைகள் போயின. ஆனால் அவற்றின் வேலையை இன்று 'சைவம்' என்னும் சொல் மறைவிற் செய்கின்றது என்பது இன்னும் வருந்தத்தக்கது. பெருநகர வீதிகளில், 'வீடு வாடகைக்கு. சைவர்க்கு மட்டும்' என்று எழுதித் தொங்கவிடுகின்றனர். உணவைக் கேட்பது போலக் குலத்தைக் கேட்கும் சூழ்ச்சி அதிற் பலகாலும் உண்டு. சிவபெருமான் திருப்பெயரடியாய்ப் பிறந்த சொல் ஒரு கதவின் தாழாய் முடிந்தது! நாகப்பட்டினத்து நுளையர் குலத்தில் தோன்றி மீன் பிடித்த அதிபத்த நாயனாரும், வேட்டுவராகிய கண்ணப்ப நாயனாரும் இன்று சென்னையில் வீடு தேடி வரின், அச்'சைவ' வீட்டில் அவர்கட்கு இடமில்லை. அறுபத்துமூவர் புகலாகாத வீடு எவ்வாறு சைவ வீடாகும்? திருநீலநக்கர் மறையவர், திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அவர் மனைவியாரையும் தம் மனையில் வேள்வித்தீ வளர்த்த வேதிகையின் அருகே தங்குவித்தார். அதுவே சைவ வீடு. புலால் மறுத்தல் சைவர்க்கு இன்றியமையாதது. ஆயினும் சைவத்தின் தலைவாயில் அடுக்களையன்று.

கண்ணப்பரைக் குறித்தவுடன் ஓர் ஆசங்கை எழும். 'அவர் ஊனமுது படைத்தார். சிறுத்தொண்டர் பிள்ளைக்கறி சமைத்தார். ஆதலின் உணவில் யாது உளது?' என்று உண்டிச்சாலைத் தருக்கம் பேசுவாருண்டு. கண்ணப்பர் திருமுன் நின்றது ஊன் அன்று, அன்பு. அவரை மேற்கோள் காட்டுவோர் முதற்கண் தம் கண்ணை இடந்து அப்புதற்கு ஒருப்படுக. பின்னர் ஊனைப் பேசுக. சிறுத்தொண்டர் மனையிலோ அக்கறியை உண்டார் ஒருவருமிலர். பிள்ளை உயிரோடு ஓடிவந்ததே வரலாறு. அன்பின் எல்லையைக் காட்ட வந்த சரிதங்களை உணவுப் பட்டியலாக்குதல் அறியாமையாம். உணவே சைவம் என்பாரும், உணவில் ஒன்றுமில்லை என்பாரும் ஒரே தவற்றின் இருபுறத்து நிற்பவர். இருவரும் உண்பவனை மறந்தவர்.

அற்றேல், பெருநகரிற் பிழைப்பின் பொருட்டுத் தங்கும் சைவர் பொருள் கொடுத்து வெளியில் உண்ணலாகாதோ எனின், உண்ணலாம். அதனை விலக்குதல் ஈண்டு நோக்கமன்று. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்த காலத்து, நாவரசரும் ஞானசம்பந்தரும் இறைவன் அருளிய படிக்காசைக் கடைவீதிக்கு அனுப்பிப் பண்டம் வாங்கியே அடியார்க்கு அமுதளித்தனர். ஆதலிற் காசு கொடுத்துக் கொள்ளுதல் இழிவன்று. ஆயின் அவர்கள் கொண்டது பண்டத்தை, சைவத்தையன்று. அது கடையிற் கிடைப்பதுமன்று.

ஆகவே செய்யத்தக்கன இவை. முதலாவது, உணவைக் குறிக்குமிடத்து 'மரக்கறியுணவு' என்றாதல், 'புலாலில்லா உணவு' என்றாதல் சைவர் வாய் கூசாது வழங்குக. மரக்கறி என்பது ஈழநாட்டார் நாள்தோறும் வழங்கும் இனிய தமிழ்ச்சொல். வாணிகர்க்கு அடையாளம் வேண்டுமேல் அதுவும் உண்டு. 2011 ஆம் ஆண்டு இந்திய அரசின் உணவு விதிகள் பொட்டலங்களின்மேல் பச்சைச் சதுரத்துட் பச்சை வட்டம் இடுமாறு வகுத்தன. அவ்வட்டம் எச்சமயத்தின் பெயரையும் கடன் கேட்பதில்லை. இரண்டாவது, உண்டிச்சாலையில் இலைமுன் அமர்ந்தவழி, திருநீறிட்டுத் திருவைந்தெழுத்தை உள்ளத்தில் எண்ணி, சிவனுக்கு நிவேதித்ததாகப் பாவித்து உண்க. பலகை தாராத சைவத்தை உண்பவன் தன்னுடன் கொண்டுசெல்க. மூன்றாவது, விலையின்றி உணவளிக்கும் பழைய அறத்தைப் பெருநகரில் வளர்க்க. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. அங்கு வருவாரைப் பசியன்றி வேறொன்றும் கேட்பாரிலர். தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் 2002 இல் அன்னதானத் திட்டம் தொடங்கிற்று. ஆதீனங்களும் சைவ சபைகளும் மாகேசுர பூசையைக் குருபூசை நாளோடு நிறுத்தாது, கல்விக்கும் தொழிலுக்குமாகச் சென்னை போந்து தங்கும் இளைஞர்க்கு நாள்வழி அமுதளிக்கும் சாலைகளாக விரிக்குமாயின், அவற்றின் வாயிலிற் 'சைவம்' என்று எழுதினாற் பிழையில்லை. எழுதாவிடினும் உலகம் அறியும்.

திருவீழிமிழலையில் ஆளுடைய பிள்ளையார் பெற்ற காசுக்குக் கடைவீதியார் வாசி கேட்டனர். அதனால் அடியார்க்கு அமுதளிக்கும் பொழுது தாழ்த்தது. பிள்ளையார் அதனை அறிந்தார். 'கிடைத்த காசு போதும்' என்று வாளா இருந்தாரல்லர். இறைவனிடமே முறையிட்டு வாசி தீர்ந்த நற்காசு பெற்றார். சைவம் என்னும் சொல்லும் ஆசாரியன்மார் வழிவந்த பொற்காசேயாம். கைமாறிக் கைமாறிக் கடைவீதியில் உழன்று இன்று அது வாசி படிந்து கிடக்கின்றது. அதனை வாங்கித் துலக்கி, உரிய மதிப்பில் மீண்டும் வழங்கச் செய்தல் சைவ நன்மக்கள் கடன்.

திருச்சிற்றம்பலம்.