டீசல் கார் வாங்கினால் லாபமா? மைலேஜ் கணக்கும் புகைக் கணக்கும்

சென்னை:

"டீசல் வண்டி சார், மைலேஜ் அள்ளும்!" பழைய கார் வாங்கப் போனால் புரோக்கர் வாயில் வருகிற முதல் வார்த்தை இதுதான். வார்த்தை பொய்யில்லை. ஆனால் அந்த மைலேஜ் எல்லோருக்கும் காசாக மாறுமா?

டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் எரிகிறது. அழுத்தம் அதிகம் என்பதால் வீணாகும் சூடு குறைவு. பெட்ரோலை விட டீசலில் லிட்டருக்கு சக்தியும் கூடுதல். பெட்ரோல் கார் 15 கிலோ மீட்டர் போகும் இடத்தில் அதே அளவு டீசல் கார் சுமார் 20 ஓடும்.

விலை வித்தியாசம் போச்சு

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்தது. டீசலுக்கு 2014 அக்டோபர் வரை விடவில்லை. இடையில் 2012 மே மாதம் சென்னையில் இரண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அப்போது விற்ற புது கார்களில் ஏறத்தாழ பாதி டீசல்தான்.

2024 மார்ச்சில் விலை குறைத்தபோது சென்னையில் பெட்ரோல் ரூ.100.75, டீசல் ரூ.92.34. வித்தியாசம் 8 ரூபாய் சொச்சம்தான்.

இந்த விலைப்படி பெட்ரோல் காருக்கு கிலோ மீட்டருக்கு ரூ.6.72 செலவு. டீசலுக்கு ரூ.4.62. மிச்சம் ரூ.2.10. புது டீசல் காருக்கு 1 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மாதம் 4 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும் டாக்சிக்காரர் அதை ஒரே வருடத்தில் எடுத்துவிடுவார். மாதம் 500 கிலோ மீட்டர் ஓட்டும் குடும்பஸ்தருக்கு 8 வருடம் பிடிக்கும்!

புகை யாருக்கு?

கிலோ மீட்டருக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு டீசல் காரில் சற்று குறைவு. ஆனால் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அதிகம். டீசல் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு 2012 ஜூனில் அறிவித்தது. ஏசி போட்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவரை விட, சிக்னலில் நிற்கும் ஆட்டோக்காரரும், டிராபிக் போலீசும், ரோட்டோரம் பூ விற்கும் அம்மாவும்தான் அதை நாள் முழுக்க சுவாசிக்கிறார்கள்.

2020 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்-6 விதி வந்தது. கிலோ மீட்டருக்கு 25 மில்லி கிராம் வரை இருந்த டீசல் கரித்துகள் அளவு 4.5 மில்லி கிராமாகக் குறைக்கப்பட்டது. இதற்கான கருவிகளின் செலவு தாங்காது என்று மாருதி சுசுகி டீசல் கார் விற்பனையையே நிறுத்தியது.

பில்டர் விஷயத்தில் உஷார்

பி.எஸ்-6 டீசல் காரின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்க ஒரு பில்டர் இருக்கும். நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை லைட் எரியும், வண்டி இழுக்காது, மைலேஜும் போய்விடும். புது பில்டர் மாற்றினால் பல ஆயிரம் ரூபாய் காலி.

"கழட்டி போட்டுடலாம் சார்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விதிப்படி அது தப்பு. புகையும் பழையபடி தெருவுக்கு வந்துவிடும்.

அதனால் செகண்ட் ஹேண்டில் டீசல் கார் பார்க்கிறவர்கள், மைலேஜ் கேட்கும் முன் மாதம் எத்தனை கிலோ மீட்டர் ஓட்டுவோம் என்று கணக்கு போடுங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் பெட்ரோல் போதும். வெளியூர் டிரிப் அடிக்கிறவர்களுக்கு டீசல் கைகொடுக்கும். எந்த வண்டியானாலும் ஏர் பில்டரும் டயர் காற்றும் சரியாக இருந்தாலே எரிபொருளும் மிச்சம், புகையும் குறையும்.