சாண்டா செய்த குற்றம் என்ன?

பத்தாம் வகுப்பு மாணவி

பாலைவனம் என்றதும் ஒட்டகம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், தார்ப் பாலைவனத்தின் வெயிலையும் வறட்சியையும் தாங்கி வாழும் சிறு பிராணி ஒன்றும் உண்டு. அதுதான் முள்வால் பல்லி. வட இந்தியாவில் அதைச் சாண்டா என்பர். ராஜஸ்தானிலும், குஜராத்தின் கட்ச் பகுதியிலும், பாகிஸ்தானிலும் அது வாழ்கிறது.

அதன் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். தடித்த வாலில் வரிசை வரிசையாக முட்கள் இருக்கும். கெட்டியான தரையில் தானே வளை தோண்டிக் கொள்ளும். வெயில் ஏறிய பின்பே வெளியே வரும். உள்ளே சென்றதும் வளையின் வாயை மண்ணால் அடைத்துக் கொள்ளும். குளிர்காலத்தை வளைக்குள்ளேயே உறங்கிக் கழிக்கும். பல்லி என்றால் பூச்சி தின்னும் என்றுதானே எண்ணுகிறோம்? சாண்டாவின் குஞ்சுகள் பூச்சிகளையும் தின்னும். வளர்ந்தவையோ புல், இலை, பூ ஆகியவற்றையே பெரிதும் உண்ணும். உண்ட உணவின் ஒரு பகுதி வாலடியில் கொழுப்பாகச் சேர்ந்து, பஞ்ச காலத்தில் கை கொடுக்கும். பாலைவன நரியும், கழுகும், வல்லூறும் இதைப் பிடித்து உண்டு வாழ்கின்றன. எனவே, இது அழிந்தால் அவற்றுக்கும் கேடுதான்.

அந்தக் கொழுப்பே அதற்கு எமனாகிவிட்டது. வளையிலிருந்து பிடித்து, ஓட முடியாதபடி முதுகெலும்பை முறித்து, உயிரோடு சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள். கொழுப்பை உருக்கி எடுத்த எண்ணெயை மூட்டு வலிக்கு மருந்து என்று கூவி விற்கிறார்கள். மற்ற விலங்குக் கொழுப்புகளில் உள்ள அமிலங்களே இதிலும் உள்ளன. நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

"வயிற்றுப்பாட்டுக்காகப் பிடிக்கும் ஏழையைக் குறை கூறலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பிடிப்பதைத் தடை செய்கிறது. அச்சட்டத்தின்படி பெரும்பாலும் பிடிபடுபவன் அந்த ஏழைதான். காசு கொடுத்து வாங்கியவரோ சீசாவுடன் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார். வாங்க ஆள் இல்லாவிட்டால் வெயிலில் நின்று வளை தோண்ட யார் போவார்? ஆகவே, குற்றத்தில் பெரும் பங்கு வாங்குபவருக்கே என்பது என் தாழ்மையான கருத்து.

இது எங்கோ வடக்கே நடப்பதுதானே என்று நாம் இருந்துவிட முடியாது. உடும்பின் இறைச்சி பலம் தரும் என்று நம்பி, நம் பக்கத்திலும் அதை வேட்டையாடுகிறார்கள். அதுவும் அதே சட்டத்தால் காக்கப்படும் பிராணிதான்.

நம் வீட்டுப் பாட்டிமாரின் முழங்கால் வலி பொய்யல்ல. அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை. அதை விட்டு, வாயில்லாப் பிராணியின் முதுகை முறித்து எடுத்த எண்ணெயை அவர்கள் காலில் தடவுவது மருத்துவமும் ஆகாது, அன்பும் ஆகாது. சகோதரிகளே, இத்தகைய எண்ணெயை யாரேனும் நம் வீட்டு வாசலில் விற்க வந்தால், "வேண்டாம்" என்று சொல்வோம். பெரியவர்களுக்கும் காரணத்தைப் பணிவோடு எடுத்துரைப்போம்.