வரியில்லாத் தீவும் வாயில்லாத் தொழிலாளியும்

உத்தியோகத்தின் பொருட்டு மேற்கிந்தியக் கடலிலுள்ள கேமன் தீவுகளுக்குச் செல்ல விரும்புவோரைக் காரணம் கேட்டால், "அங்கே வருமான வரி கிடையாது" என்ற மறுமொழியே முதலில் வருகிறது. அது மெய்தான், ஆனால் பாதி மெய்.

1962இல் ஜமெய்க்கா சுதந்திரம் பெற்றபோது, அதனுடன் சேர்த்து ஆளப்பட்டுவந்த இத்தீவுகள் பிரிட்டிஷ் மகுடத்தின் கீழேயே இருந்துவிடத் தீர்மானித்தன. பின்னர் பாங்கிகளும் கம்பெனிகளும் உல்லாசப் பிரயாணிகளும் வந்து குவிய, செல்வம் பெருகிற்று. எனினும் வரியின்றி நடக்கும் சர்க்கார் உலகில் இல்லை. வருமானத்தில் வாங்காததை அந்தச் சர்க்கார் துறைமுகத்தில் வாங்கிக்கொள்கிறது. அங்கே விளைவது சொற்பம். வேண்டியவையெல்லாம் கப்பலில் வந்திறங்குகின்றன. அவற்றுள் பலவற்றின்மீது தீர்வை நூற்றுக்கு 22 வீதம். பாங்கிக் கணக்கருக்கும் ஹோட்டலில் பாத்திரம் துலக்குவோருக்கும் கடையில் விலை ஒன்றே. 2016இல் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 6 கேமன் டாலர், அதாவது 7.20 அமெரிக்க டாலர். வாடிக்கையாளர் தரும் இனாமில் பங்கு பெறும் ஊழியருக்கு அதுவும் 4.50 கேமன் டாலராகக் குறைக்கப்பட்டது. வரியில்லாமையின் பலன் பெரும் சம்பளக்காரருக்கே பெரிதாய்ச் சேர்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இதனினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. அங்கே வேலை செய்வதற்கான அனுமதியைத் தொழிலாளி தானே கேட்டுப் பெறுவதில்லை. எஜமானர் கேட்டுப் பெறுகிறார். அந்த எஜமானரை விட்டு விலகினால் அனுமதியும் போயிற்று. வேறிடத்தில் அமரப் புது அனுமதி வேண்டும். அதைக் கோர வேண்டியவரும் மற்றோர் எஜமானரே. கூலி குறைந்தாலும், வேலை நேரம் மிகுந்தாலும், வாய் திறப்பவன் கப்பலேற நேரிடும் என்ற அச்சம் எப்போதும் தலைமேல் தொங்குகிறது. வோட்டுரிமையும் அவனுக்கில்லை.

இந்தக் கடலை நம்மவர் அறியாதவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஜனங்கள் டிரினிடாட், மார்த்தினீக், குவாதலூப் முதலிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். ஒரே தோட்டத்துடன் ஆண்டுக்கணக்கில் பிணைப்பதே அந்த ஒப்பந்தத்தின் சாரம். 1912இல் கோகலே சட்டசபையில் அதைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தார். 1917இல் அந்த ஏற்றுமதி நின்றது. இன்றைய நிலையை அன்றைய அடிமைத்தனத்திற்கு ஒப்பிடுவது நியாயமாகாது. இன்று செல்பவர் விரும்பிச் செல்கிறார், விரும்பினால் திரும்புகிறார்; வைத்திய இன்ஷூரன்ஸையும் சட்டம் அவருக்கு அளித்திருக்கிறது. ஆயினும் தொழிலாளியை ஒரே எஜமானருடன் கட்டும் அந்தப் பழைய முடிச்சு முற்றும் அவிழவில்லை.

தீவினரின் கட்சியையும் கேட்க வேண்டும். 1970இல் சுமார் 10,000 பேராக இருந்த ஜனத்தொகை 2021இல் 71,000க்கு மேற்பட்டது. அவருள் பாதிக்கு மேற்பட்டோர் அந்நியர். சொந்த மண்ணில் தாம் சிறுபான்மையாகி விட்டோமென்று ஒரு ஜனசமூகம் அஞ்சுவதை நாம் குறை கூறோம். வேலையைச் சுதேசிகளுக்கு முதலில் விளம்பரம் செய்ய வேண்டுமென்ற விதியும், நிரந்தர வாசத்துக்கு விண்ணப்பியாத அந்நியர் ஒன்பது ஆண்டுக்குப்பின் ஓராண்டேனும் வெளியேறியிருக்க வேண்டுமென்ற 2013ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்த அச்சத்தில் பிறந்தவை.

ஆனால் நோய் ஒன்று, மருந்து வேறு. எதிர்த்துப் பேச முடியாத அந்நியனும், பேசக்கூடிய சுதேசியும் ஒரே வேலைக்கு வந்து நின்றால், லாபம் ஒன்றையே கருதும் எஜமானர் யாரை விரும்புவார்? சுதேசியின் கூலியைத் தாழ்த்துவது அந்நியனின் வருகையைக் காட்டிலும் அவன் வாய்க்கு இடப்பட்ட பூட்டே. எத்தனை பேர் வரலாமென்பதைச் சர்க்கார் கண்டிப்பாய் வரையறுக்கட்டும். அது அந்நாட்டினரின் உரிமை. வந்தவர் தம் தொழிலில் எஜமானரை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் உடன் அளிக்கட்டும். இருசாராருக்கும் நியாயம் கிடைக்கும் வழி இதுவே.

அதுவரையில், செல்பவர் கண் திறந்து செல்லவேண்டும். அனுமதிக் கட்டணம் எஜமானர் செலுத்த வேண்டியது; அதைத் தொழிலாளியிடம் கேட்கும் தரகரை நம்பலாகாது. சம்பளத்தை மட்டும் பாராமல், வாடகையும் உணவும் போக மிஞ்சுவதைக் கணக்கிட வேண்டும். ஷரத்துக்களை எழுத்தில் பெறவேண்டும். குடும்பத்தை உடனழைத்துச் செல்ல இயலுமா என்பதைப் புறப்படுமுன்னரே தெரிந்துகொள்ள வேண்டும். கடல் கடந்து பொருளீட்டுவது தமிழனுக்குப் புதிதன்று. வாயைப் பூட்டிக்கொண்டு ஈட்டும் பொருள் எவ்வளவு பெரிதாயினும், அதன் விலை அதனினும் பெரிது.