பூட்டு யாருக்காக?

விசாகப்பட்டினத்தில் வாழும் நம்மவர்களுக்குப் பொங்கலுக்கு ஊர் போவதென்றால் ஒரு காலத்தில் ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. இன்று நம் சங்கக் குடும்பங்களில் சிலர் சொந்த வேனில் போகிறோம். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய வேன் வாங்கி, பின் இருக்கைகளை எடுத்துவிட்டு, இரண்டு படுக்கை, ஒரு சின்னக் குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, பால் காய்ச்ச ஓர் அடுப்பு எல்லாம் வைத்து, மாற்றங்களை முறைப்படி ஆர்.சி. புத்தகத்தில் பதிந்தும் கொண்டேன். சினிமாக்காரர்கள் 'கேரவன்' என்பார்கள். என் மனைவி வைத்த பெயர் 'ஓடுற வீடு'.

அந்த ஓடுகிற வீட்டில் திருட்டுப் போன கதையைத்தான் சொல்ல வந்தேன். திருட்டுப் போன பொருளை விட அதனால் போன வேறொன்றுதான் இன்னும் என் மனத்தை அறுக்கிறது.

விசாகப்பட்டினத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 800 கிலோமீட்டர். முன்பு 5-ஆம் எண்ணில் இருந்து இப்போது 16 என்று வழங்கும் தேசிய நெடுஞ்சாலையில் நெல்லூர், நாயுடுப்பேட்டை தாண்டினால் சூளூர்பேட்டை வரும். 2022 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது திருப்பதி மாவட்டம். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்கு இங்கிருந்துதான் புலிகாட் ஏரியின் நடுவே சாலை பிரிகிறது. ஊரில் செங்காளம்மன் கோயில் பிரசித்தம். ராக்கெட் ஏவுமுன் இஸ்ரோ தலைவர்களே வந்து கும்பிட்டுப் போகும் கோயில்.

போன பொங்கலுக்குப் போகையில் அங்கே அந்தி நேரத்தில் வண்டியை நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தினோம். எண்பது வயதான என் அம்மா, மனைவி, மைத்துனர் குடும்பம், நான். எங்கள் டிரைவர் ஆறு வருடமாக எங்களோடு வருபவர், என் அம்மாவைத் தன் அம்மா போலக் கைப்பிடித்து இறக்குபவர். எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினோம். அவர் எதிர்க் கடையில் டீ குடிக்கப் போகுமுன் என்னிடம் கேட்டார்:

"சன்னல் எல்லாம் மூடியாச்சா சார்?"

"மூடியாச்சு, மூடியாச்சு" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பினோம். கதவுகள் பூட்டியபடியே இருந்தன. அம்மாவின் கைப்பையைக் காணவில்லை. அதில் இரண்டு வளையல், அப்பா வைத்திருந்த வெள்ளி வெற்றிலைப் பெட்டி, அம்மாவின் இன்சுலின். என் மைத்துனர் சட்டென்று சொல்லிவிட்டார்: "பூட்டு உடையவே இல்லை. சாவி யாரிடம் இருந்தது?"

சாவி டிரைவரிடம்தான் இருந்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் தானே வெளியே இழுத்துக் காட்டினார். "சூசுகோண்டி சார்" என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நடுச்சாலையில், டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க.

பின்பக்கச் சறுக்குச் சன்னல் ஒரு கை நுழையும் அளவு திறந்திருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். மத்தியானம் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை போக அதைத் திறந்தவன் நான். மூடாமல் "மூடியாச்சு" என்றவனும் நான். அவர் கேட்டது நினைவுக்கு வந்தும், பழி அவர் மேல் விழுந்த அந்த நிமிடத்தில் வாய் திறக்காமல் நின்றவனும் நானே.

எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வாள்: எடுத்தவனுக்கு ஒரு பாவம், பறிகொடுத்தவனுக்கு ஒன்பது பாவம் என்று. பறிகொடுத்தவன் ஒன்பது பேரைச் சந்தேகப்படுவானாம். சிறு வயதில் விளங்காத அந்தப் பேச்சு சூளூர்பேட்டையில் விளங்கியது.

எனவே என் தாழ்மையான கருத்து இதுதான். பூட்டுவது திருடனுக்காக மட்டும் அல்ல. நம்மோடு வரும் டிரைவர், கிளீனர், வீட்டு வேலைக்கு உதவும் பெண் ஆகியோர் மீது நம் அஜாக்கிரதையின் பழி விழாமல் இருக்கவும்தான். எது காணாமல் போனாலும் நம் கண் முதலில் போவது ஏழையின் பையைத்தான்.

அடிபட்டுக் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். வண்டி வைத்திருப்பவர்களுக்கும் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் உதவும்.

முதலாவது, வண்டிக்குள் நாம் படுத்திருக்கும் வரைதான் அது வீடு. இறங்கிவிட்டால் நாலு சக்கரத்தில் நிற்கும் கண்ணாடிப் பெட்டி. நகை, பணம், பாஸ்போர்ட், மருந்து நம்மோடு இறங்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று லாக்கரையே காலி செய்து கொண்டு போகும் பழக்கம் நமக்கு எதற்கு? மருந்துச் சீட்டின் நகல் ஒன்று என் சட்டைப் பையில் இருந்ததால்தான் அன்று இரவே அம்மாவுக்கு இன்சுலின் வாங்க முடிந்தது.

இரண்டாவது, இத்தகைய வண்டியில் பலவீனமான இடம் முன்கதவு அல்ல. சறுக்குச் சன்னலும் பின்கதவும்தான். சன்னல் தடத்தில் ஒரு மரத்துண்டை வெட்டிப் போட்டால் வெளியிலிருந்து நகர்த்த முடியாது. பின்கதவுக்குத் தனிப் பூட்டு வேண்டும். ஆனால் உள்ளே தூங்கும்போது எந்தக் கதவும் சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். அடுப்பு உள்ள வண்டி. தீப்பிடித்தால் திருடனை விட நம் பூட்டே எமன்.

மூன்றாவது, வண்டியையே ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க ஸ்டியரிங் பூட்டு, கியர் பூட்டு, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் மறைவான சுவிட்ச், இருக்கும் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி இவற்றில் இரண்டாவது இருக்கட்டும். மாற்றுச் சாவியை வண்டிக்குள்ளேயே மாட்டி வைப்பவர்கள் உண்டு. வண்டி திருட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

நான்காவது, காப்பீடு. வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தாலும் உள்ளே இருந்த நம் சொந்தப் பொருளுக்குச் சாதாரணமாகப் பணம் வராது. தனிச் சேர்ப்பு எடுத்திருக்க வேண்டும். குளிர்பெட்டி போலப் பிறகு பொருத்தியவற்றையும் பாலிசியில் எழுதி வைக்க வேண்டும்.

ஐந்தாவது, இருட்டில் ஒதுங்கி நிற்காதீர்கள். விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க், உணவகம் போன்ற இடத்தில் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். கேரள அரசு 2021-ல் கொண்டுவந்த கேரவன் சுற்றுலாத் திட்டத்தில் இந்த வண்டிகள் தங்கத் தனி வளாகங்களுக்கும் இடம் தந்திருக்கிறது. நம் நெடுஞ்சாலையிலும் அப்படி வரவேண்டும் என்று சங்கம் வழியாக நாம் கேட்கலாமே?

திருட்டுப் போய்விட்டால் தயங்காமல் புகார் கொடுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவலைத் தரலாம். அவசரத்துக்கு 112. பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு குடியிருக்கும் வீட்டில் திருடுவது, பயண வண்டியிலிருந்து திருடுவது, கோயில் சிலையைத் திருடுவது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஏழு ஆண்டு வரை தண்டனை சொல்கிறது. நம் ஓடுகிற வீட்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

கோயில் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. செங்காளம்மன் சன்னதிக்குக் கதவு கிடையாது. இரவும் பகலும் திறந்தே இருக்கும். முன்னொரு காலத்தில் திருடன் நுழையப் பார்த்தானாம். ஊரார் கதவு செய்யப் போக, எனக்கும் பக்தர்களுக்கும் நடுவே தடுப்பு வேண்டாம் என்று அம்மன் கனவில் வந்து சொன்னாளாம். ஒதுக்கி வைத்த கதவுப் பலகை துளிர்த்து மரமானது என்றும் சொல்வார்கள். அவளுக்குக் கதவு வேண்டாம், அவள் யாரையும் சந்தேகப்படுவதில்லை. நமக்கு அந்த மனசு இல்லை. ஆகவே பூட்டத்தான் வேண்டும்.

மாசி மாதம் டிரைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்கார வைத்து டீ கொடுத்தார். "பரவாயில்லை சார்" என்றார். ஆனால் எங்கள் வண்டியை அவர் மறுபடி தொடவில்லை. அம்மா இன்றும் இறங்கும்போதெல்லாம் அவர் எங்கே என்று கேட்கிறாள்.

இப்போது எங்கே நிறுத்தினாலும் நானே வண்டியை ஒரு முறை சுற்றி வந்து, ஒவ்வொரு சன்னலையும் கையால் தள்ளிப் பார்க்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அடுத்த பொங்கலுக்குக் கிளம்பும் அன்பர்களும் அப்படிச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.