யார் கை மேல்?



போன வாரம் ஆங்கிலப் பாடத்தில் ‘அப்பர் ஹேண்ட்’ என்ற மரபுத்தொடர் வந்தது. நான் ‘மேல் கை’ என்று அப்படியே எழுதிவிட்டேன். வகுப்பே சிரித்தது. ‘கை ஓங்கியிருக்கிறது’ என்று எழுத வேண்டுமாம். கபடியில் ஒரு அணி பத்துப் புள்ளி முன்னே போய்விட்டால் அவங்க கை ஓங்கியிருக்கு என்போமே, அதுதான். முன்னால் ‘ஹேவ்’, ‘கெட்’, ‘கெயின்’ எது வேணா போடலாம், ‘தி’யை மட்டும் விட்டுடக் கூடாது.

ஆனாலும் நான் எழுதினது முழுத் தப்பு இல்லை என்பது என் கருத்து. கை ஓங்கணும்னா பலம் வேணும். தலைமடைக்காரருக்குப் பலம் எதுக்கு? தண்ணி மேலேயிருந்து கீழேதான் ஓடும். அவர் சும்மா நின்னாலே அவர் கைதான் மேல்.

காவிரியையே பாருங்கள். குடகில் பிறந்து, கர்நாடக அணைகள், மேட்டூர், கல்லணை எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் காரைக்காலுக்கு வருகிறது. நாம் கடைமடை. 2007-இல் நடுவர் மன்றம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு 7 டி.எம்.சி. என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் 419-ஐ 404.25 ஆகக் குறைத்தது, நம்ம 7-ஐத் தொடவில்லை. ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து இல்லை என்றும் சொன்னது. தீர்ப்பில் 7 இருக்கு, வாய்க்காலில் இருக்கணுமே!

இதைச் சொல்லி மேலே இருக்கிறவங்களைத் திட்டலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எங்க வயலுக்குக் கீழேயும் ஒரு வயல் இருக்கு, ஒரு அத்தையோடது. போன வருஷம் தண்ணி குறைஞ்சப்ப மடையை அடைச்சது நான்தான். அப்பா சொன்னார், மண்ணை வெட்டிப் போட்டு மிதிச்சேன். அத்தை வரப்பில் வந்து நின்னு, “பயிர் காயுதும்மா, உங்களுக்குப் பாய்ஞ்சதும் கொஞ்சம் விடு கண்ணு”ன்னாங்க. அவ்வளவு பெரியவங்க என்கிட்ட கெஞ்சினாங்க. நான் மடையையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

ராத்திரி “முறை வெச்சுக்கலாமேப்பா” என்றேன். அப்பா பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்துட்டார். காலையில் போய்ப் பார்த்தா மடை பாதி திறந்திருந்தது. அப்பா திறந்தாரா, அத்தை திறந்தாங்களா, நான் கேட்கலை.

சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்ன இடத்தில் ‘ஐ ஹேட் தி அப்பர் ஹேண்ட்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, போலகம்